இருபத்திரண்டாம் நம்பர் காகிதம்

"கார் நின்னுச்சுங்க, சரி. நான் நின்னனா? அதச் சொல்லுங்க மொதல்ல."

"கத்தாத ரத்தினா. ஜன்னல் தொறந்திருக்குது."

"தொறந்தே இருக்கட்டும். ஊரே கேக்கட்டும்."

ஊர் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஊர் என்றால், ரிச்சர்ட்சனில் எங்கள் தெருவின் இந்த முனையில், பகல் ஒன்றரை மணிக்கு நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் ஆபீசில் இருந்தார்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நூற்று மூன்று டிகிரி வெயிலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது எனக்கும் தெரியும். நாகரத்தினம் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறினால் புகை அலாரம் அலறிவிடும் என்று அடுக்களை ஜன்னலைத் திறந்து வைப்பாள். அன்றைக்கு அவர்கள் ஊர் வெல்லப் பலகாரமான கச்சாயம் சுட்டுக்கொண்டிருந்தாள். வெல்லம் கருகுகிற வாசனை வேலி தாண்டி வந்தபோதே, இது சாதாரணச் சண்டை இல்லை என்று தெரிந்துவிட்டது. சட்டியை அடுப்பில் விட்டுவிட்டுச் சண்டை போடுகிறவள் இல்லை அவள்.

அவள் கணவர் கிட்டுசாமிக்குக் கோபிப் பக்கம், அவளுக்குக் காங்கேயம். அவர் இங்கே ஒரு டெலிகாம் கம்பெனியில் பத்து வருடமாக இருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் வீட்டு மாடியிலிருந்தே வேலை. கிரீன் கார்டுக்குக் கைரேகை கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற குடும்பம். நாகரத்தினம் எங்கள் பக்கத்துத் தாய்மார்களுக்குப் 'பிக்கப் அக்கா'. பள்ளிக்கூடம் இரண்டே முக்காலுக்கு விடும், அம்மாக்களுக்கு ஆபீஸ் ஆறு மணிக்கு விடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தப் பள்ளத்தில் தன் வேனை நிறுத்தி அவள் ஒரு பிழைப்பை உண்டாக்கிக்கொண்டாள். தன் மகள் வெண்பாவோடு மற்ற வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேரையும் அள்ளிக்கொண்டு வந்து, கைகால் கழுவவைத்து, ஏதாவது சுட்டுக் கொடுத்து, வீட்டுப்பாடத்தில் உட்கார வைப்பாள். பாட்டு கிளாசோ நீச்சலோ, அதற்கும் கொண்டுபோய் விடுவாள். இந்தப் பிள்ளைகளில் எவன் எந்தச் சீட்டில் உட்கார்ந்தால் எவனைக் கிள்ளுவான் என்பது பெற்றவர்களைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அந்தப் பிழைப்புக்குத்தான் அன்றைக்கு உலை வைத்திருந்தது ஒரு கடிதம்.

கதையைக் கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டும். இரண்டு வருடம் முன்பு இவர்கள் ஊருக்குப் போனார்கள். போகும்போது இன்டர்நெட்டை நிறுத்தினார்கள், ஜிம்மை நிறுத்தினார்கள், கார் இன்ஷூரன்சையும் நிறுத்தினார்கள். இதில் கிட்டுசாமியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நம் ஆட்கள் பாதிப் பேர் செய்கிற காரியம்தான் அது. ஆறு வாரம் கராஜில் தூங்குகிற காருக்கு எவனுக்கு எதற்குப் பணம் கட்டுவது? வந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். கிட்டுசாமி வந்தார், ஜெட் லாகில் போட மறந்தார். நான்காம் நாள் நாகரத்தினம் பால் வாங்கப் போய், சிக்னலில் ஒரு பிக்கப் டிரக்கின் பின்புறத்தில் முட்டினாள். கேட்டால் இன்ஷூரன்ஸ் இல்லை. வழக்கு இழுத்தடித்துக் கடைசியில் மாநில அரசு அவளை ஆபத்தான டிரைவர் பட்டியலில் எழுதிவிட்டது. குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களோடு சேர்த்து எழுதிவிட்டார்களே என்று அவள் ஒரு வாரம் சாப்பிடவில்லை. இரண்டு வருடத்துக்கு அவள் இன்ஷூரன்சோடுதான் இருக்கிறாள் என்று கம்பெனியே அரசுக்கு ஒரு காகிதம் கொடுக்க வேண்டும். எஸ்.ஆர். இருபத்திரண்டு என்று அதற்குப் பெயர். வருகிற மார்ச்சோடு அந்த இரண்டு வருடம் முடிகிறது.

இந்த ஜூனில் மறுபடியும் ஊர்ப் பயணம். கிட்டுசாமியின் அண்ணன் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம், அவர்கள் பேச்சில் புண்ணியார்ச்சனை. கிட்டுசாமி மறுபடியும் இன்ஷூரன்சை நிறுத்தினார். ஆனால் இந்தத் தடவை அவர் பாடம் படித்திருந்தார். போனில் நினைவூட்டல் வைத்து, டாலஸ் ஏர்போர்ட்டில் இமிகிரேஷன் வரிசையில் நின்றபடியே புதிய கம்பெனியில் பாலிசி எடுத்துவிட்டார். ஒரு மணி நேரம்கூட இன்ஷூரன்ஸ் இல்லாமல் கார் தெருவில் இறங்கவில்லை என்று வேலியோரம் நின்று என்னிடமே பெருமையாகச் சொன்னார். மனிதர் படித்த பாடம் அது. தப்பான பாடம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாத்திரம் ஒன்று திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. எப்போதும் ஒன்று இருக்கும். அதை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனேன்.

அடுக்களை மேடையில் ஒரு மளிகைக் கடைப் பை கவிழ்ந்து கிடந்தது. பீட்சா கூப்பன்கள், பல் டாக்டர் நினைவூட்டல்கள், ஊருக்குப் போயிருந்தபோது வந்த தபால்கள். அந்தப் பை என் வீட்டிலிருந்து வந்தது. அவர்கள் இல்லாதபோது தபால் எடுத்து வைக்கும் பொறுப்பு என்னுடையது. அதை அவர்கள் வந்திறங்கிய அன்றே கொடுத்திருக்கலாம். சாவகாசமாக ஒருநாள் கொண்டுபோய் உட்கார்ந்து புண்ணியார்ச்சனைக் கதை கேட்கலாம் என்று கராஜில் வைத்திருந்தேன். சாவகாசம் வரவில்லை, அன்று காலையில்தான் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அரசாங்க முத்திரை போட்ட ஓர் உறை அதில் இருந்தது எனக்குத் தெரியும். வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தேன். கெட்டித் தாள், ஒன்றும் தெரியவில்லை.

இப்போது அந்த உறை கிழிந்து கிடந்தது. பழைய கம்பெனி பாலிசி முடிந்துவிட்டது என்று அரசுக்குச் சொல்லிவிட்டது. ஆகவே ஜூலை முப்பது முதல் நாகரத்தினத்தின் லைசென்ஸ் செல்லாது. பள்ளி திறந்து ஒன்பது நாள். ஒன்பது நாளும் அவள் ஆறு பிள்ளைகளை வைத்து ஓட்டியிருக்கிறாள்.

கிட்டுசாமி ஒரு நீல ஃபோல்டரைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். "ஃபார்ம் அப்பவே ஃபைல் பண்ணியாச்சு. பாரு, காப்பி இருக்குது. ஒருக்கா ஃபைல் பண்ணுனா பண்ணுனதுதான?"

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. விசாவிலேயே வாழ்க்கை நடத்துகிறவர்களுக்குக் காகிதம் என்றால் அனுப்புவது, ரசீது வருவது, ஃபோல்டரில் வைப்பது. அனுப்பிய பிறகும் உயிரோடு இருந்து, நாம் என்ன செய்கிறோம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் காகிதத்தை அவர் அதற்கு முன்னால் கண்டதில்லை.

"அது காருக்குக் குடுத்த காயிதம் இல்லீங்க," என்றாள் நாகரத்தினம். குரல் இறங்கியிருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "எனக்குக் குடுத்தது. இவ ஒழுங்கா இருப்பான்னு கம்பெனிக்காரன் போட்ட ஜாமீன். நீங்க என்ற ஜாமீனக் கேன்சல் பண்ணிப்போட்டு உங்கண்ணன் ஊட்டுக்கு ஒறம்பரையா விருந்துக்குப் போயிருக்கறீங்க."

"செரி, தப்பு நடந்துபோச்சு. இன்னைக்கு சாயந்திரமே போன் போட்டு செரி பண்றேன். இப்ப மணி ரெண்டாகப்போவுது. நீ போய்ப் புள்ளைகளக் கூட்டிட்டு வந்துரு."

"எதுல?"

"வேன்லதான். புது பாலிசில கார் இருக்குதுல்ல. ஒன்னேகால் மைலு. மெயின் ரோட்டுல போகாத, உள்ளுக்குள்ளயே போயிரு. எவன் புடிக்கப்போறான்?"

"நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

அவருக்கு இரண்டரைக்குப் பெரிய மேனேஜரோடு மீட்டிங். போன மாதம்தான் அவர் டீமில் நான்கு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தச் சமயத்தில் கேமராவில் முகம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார், நான்தான் மேனேஜர் மாதிரி. பிள்ளைகளின் பட்டியலில் அவர் பெயரும் இல்லை. யார் வந்து கூப்பிட்டால் பிள்ளையை விடலாம் என்று பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் நாகரத்தினம் பெயர்தான் உண்டு.

"இன்னைக்கு ஒரு நாளு," என்றார் கிட்டுசாமி.

"என்னைய போலீஸ் புடிச்சா புடிச்சுட்டுப் போவட்டும். வண்டி எங்காச்சும் முட்டி ஒரு புள்ளைக்குக் காயம் பட்டா, லைசென்ஸ் இல்லாதவ ஓட்டுனான்னு கம்பெனிக்காரன் கையக் கழுவிருவான். அப்பறம் நான் அந்தம்மாக்க மூஞ்சில எப்புடிங்க முழிக்கறது? தெரியாம ஓட்டுனது ஒம்பது நாளு. தெரிஞ்சு ஒரு நாளு ஓட்ட மாட்டேன்."

வேன் சாவியைக் கருகிய கச்சாயத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுப்பை அணைத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"பர்வதக்கா, ஊட்டுல கொடை இருக்குதுங்களா?"

"ரெண்டு இருக்கு."

"ரெண்டையும் எடுத்துட்டு வாங்க."

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இந்த ஊரில் இருபத்தோரு வருடமாக என் கணவர் சுந்தரராமன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் அன்று ஆஸ்டினில் இருந்தார். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்குப் போன் போட்டால் யாராவது ஓடி வரமாட்டார்களா என்று கேட்டேன். போன் போட்டால் காரணம் சொல்ல வேண்டும், சொல்லாமலும் விடமாட்டேன், ஆனால் பிள்ளைகள் வாசலில் நிற்க நான் காரணம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்றாள். எட்டு தண்ணீர் பாட்டிலைப் பையில் போட்டுத் தோளில் மாட்டினாள். கருகாத கச்சாயத்தை ஒரு டப்பாவில் அடைத்தாள். கிட்டுசாமி மாடிப்படியில் இரண்டு படி ஏறி நின்றுகொண்டு பார்த்தார். அவருடைய லேப்டாப் மேலே மணியடித்தது.

டெக்சாசில் ஆகஸ்ட் மாதம் இரண்டு மணிக்கு நடந்து பார்த்தவர்கள் குறைவு. காம்ப்பெல் ரோட்டில் நடைபாதை இருக்கிறது, நடக்கிறவர்கள்தான் இல்லை. கார்கள் அடுப்புக் காற்றை அள்ளி எங்கள் மேல் வீசிக்கொண்டு போயின. புடவை கட்டிய இரண்டு பெண்கள் குடை பிடித்துக்கொண்டு போவதைப் பார்க்க ஒவ்வொரு காரும் கொஞ்சம் வேகம் குறைத்தது. நாகரத்தினம் விசையாக நடந்தாள். என் செருப்பு தாரில் ஒட்டி ஒட்டி வந்தது.

பாதி தூரத்தில் அவள் கேட்டாள். "அந்தக் கடுதாசி உங்ககிட்ட எப்பங்க்கா வந்துச்சு?"

"ஜூலை கடைசில. ஆகஸ்ட் ஒண்ணா கூட இருக்கலாம்."

"நாங்க வந்தது அஞ்சாந் தேதி."

அவ்வளவுதான் சொன்னாள். நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

பள்ளி வாசலில் கார் வரிசை தெருமுனை வரை நின்றது. வாக்கிடாக்கி வைத்திருந்த டீச்சர் எங்கள் பின்னால் வேனைத் தேடினாள். அடையாள அட்டை கேட்டபோது நாகரத்தினம் ஒரு கணம் நின்றுவிட்டு, கைப்பையிலிருந்து அந்த லைசென்சையே எடுத்துக் கொடுத்தாள். முகத்துக்கு அது செல்லும், சக்கரத்துக்குத்தான் செல்லாது. டீச்சர் பெயரைச் சரிபார்த்து ஆறு பிள்ளைகளையும் விட்டாள்.

"வேர் இஸ் த வேன்?" என்றான் ஆர்யன். ஒன்பது வயது, விஷாகாவின் மூத்தவன். அவன் தம்பி க்ரிஷ் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னைக்கு வேன் இல்ல சாமி. நடக்கறோம்."

"இட்ஸ் எ ஹண்ட்ரட் டிகிரீஸ், ஆன்ட்டி."

"நூத்தி மூணு," என்றாள் வெண்பா, அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி.

பெரியவர்கள் இரண்டு பேர் முன்னால், சிறியவர்கள் குடைக்குள், கடைசியில் நான். ஒவ்வொரு மர நிழலுக்கும் ஒரு நிறுத்தம், ஆளுக்கு இரண்டு வாய் தண்ணீர். மூன்றாம் நிறுத்தத்தில் நாகரத்தினம் கச்சாயம் கொடுத்தாள். க்ரிஷுக்கு முகம் சிவந்து மிளகாயாக இருந்தது. தன் முந்தானையை நனைத்து அவன் கழுத்தில் சுற்றி, பக்கத்திலேயே நடத்தி வந்தாள்.

நான்காம் மரத்துக்கு முன்னால் போலீஸ் கார் வந்து நின்றது.

எனக்கு உள்ளங்கால் சில்லிட்டது. அந்த வெயிலில் அது ஒன்றுதான் சில்லென்று இருந்தது. அதிகாரி இறங்கி வந்தார். இளம் வயசு, கருப்புக் கண்ணாடி. யாரோ போன் செய்திருக்கிறார்கள், வெயிலில் பிள்ளைகள் போகிறார்கள் என்று. எல்லாம் நலமா, இவர்கள் உங்கள் பிள்ளைகளா, கார் ஏதும் பழுதா என்று கேட்டார். நாகரத்தினம் தன் இங்கிலீஷில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள். நலம். ஒன்று என்னுடையது. பழுது இல்லை. நடப்பதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று என் மனசு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டது. அவர் தன் காரிலிருந்து குளிர்ந்த தண்ணீர் பாட்டில்களை எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த சிக்னல் வரை விளக்கைச் சுழலவிட்டு எங்கள் பின்னாலேயே மெதுவாக வந்தார். உதவிதான். ஆனால் பார்க்கிறவர்களுக்கு எங்களைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி இருந்திருக்கும்.

அப்படித்தான் பார்த்தாள் விஷாகா. அன்றைக்கென்று அவளுக்கு ஆபீஸ் சீக்கிரம் முடிந்திருந்தது. எதிர்ச் சாரியில் போன கார் பிரேக் அடித்து, திரும்பி, நடைபாதையில் ஒரு சக்கரத்தை ஏற்றி நின்றது. போலீஸ்காரர் அவளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பிப் போனார்.

"என்ன ஆச்சு? வேன் பிரேக்டவுனா?" விஷாகாவுக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு ஒரு கால் பண்ணியிருக்கக் கூடாதா நாகரத்தினம்? நான் ஜஸ்ட் பக்கத்துலதான் இருந்தேன்."

தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி ஒரு பொய். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஆமாமைச் சொல்ல நானே வாய் எடுத்துவிட்டேன்.

"வேன் நல்லாத்தானுங்க இருக்குது," என்றாள் நாகரத்தினம். "நாந்தான் ஓட்டக்கூடாது."

சொன்னாள். பழைய விபத்தைச் சொன்னாள், அரசு கேட்ட காகிதத்தைச் சொன்னாள், அது அறுந்துபோனதைச் சொன்னாள். கிட்டுசாமி பெயரை எடுக்கவில்லை. தபால் பையையும் சொல்லவில்லை. "ஒம்பது நாளா செல்லாத லைசென்ஸ்ல உங்க புள்ளைகள வெச்சு ஓட்டியிருக்கறேன். எனக்குத் தெரியாதுங்க. தெரியாதுங்கறதுக்காக அது ஓட்டாததா ஆயிராது."

விஷாகா கார்க் கதவைத் திறந்தாள். இரண்டு பையன்களையும் காரில் ஏற்றினாள். பெல்ட்டை மாட்டினாள். க்ரிஷ் கழுத்தில் சுற்றியிருந்த ஈர முந்தானை நாகரத்தினத்தையும் கார்க் கதவு வரை இழுத்து வந்திருந்தது. நாகரத்தினம் அதைப் பிரித்து எடுக்கும்வரை இரண்டு பெண்களும் முகத்தோடு முகம் நிற்க வேண்டியிருந்தது.

"உங்களுக்கு இப்படி ஒரு ஹிஸ்டரி இருக்குன்னு ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும்," என்றாள் விஷாகா. "நான் உங்கள நம்பித்தான் தினம் மீட்டிங்ல உக்காந்துட்டிருக்கேன்."

"ஆமாங்க. சொல்லியிருக்கோணும்."

கார் போய்விட்டது. மீதி நான்கு பிள்ளைகள், ஐந்தாவது மரம். வெண்பா அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று நான் நினைத்தேன். நாகரத்தினம் பிள்ளைகளை எண்ணினாள், நான்கு என்று தனக்கே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

எங்கள் தெருவுக்கு இன்னும் அரை மைல் இருக்கும்போது வேன் வந்தது. கிட்டுசாமி ஓட்டி வந்தார். காதில் அந்த வெள்ளைக் கருவி. அதில் யாரோ இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருந்தது எனக்கே கேட்டது.

"மீட்டிங்?" என்றேன் நான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கேமராவ ஆஃப் பண்ணிட்டு வந்துட்டனுங்க."

நாகரத்தினம் பிள்ளைகளை ஒவ்வொன்றாக ஏற்றி, பூஸ்டர் சீட்டுகளைச் சரிபார்த்து, பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள். என்னை முன்சீட்டில் உட்காரச் சொன்னாள். அவள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். "ரெண்டு பேரக் காணமே," என்றார் கிட்டுசாமி கண்ணாடியில் பார்த்து. வெண்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் காதிலிருந்ததைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

அன்று சாயந்திரம் மற்ற மூன்று வீடுகளுக்கும் அவளே போன் செய்தாள். வாட்ஸ்அப்பில் போட நாலு வரி எழுதித் தருகிறேன் என்று கிட்டுசாமி சொன்னாராம், வேண்டாம் என்றுவிட்டாள். ஒரு வீட்டில் நன்றி சொல்லிவிட்டு மறுநாளிலிருந்து டேகேர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் இதிலென்ன இருக்கிறது, எங்களுக்கும் இப்படி ஆகியிருக்கிறது என்று சிரித்தார்கள். இன்னொரு வீட்டில் பதிலே இல்லை, ஆனால் பிள்ளை வந்தது.

மறுநாள் காலையில் மரகதத்திடம் போனார்கள். பெல்ட்லைனில் புருவம் திருத்தும் கடைக்கும் தோசைக் கடைக்கும் நடுவில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வைத்திருக்கிறவள். வழி காட்ட நானும் போனேன். ஏர்போர்ட்டில் எடுத்த பாலிசிக் கம்பெனி இந்தக் காகிதத்தைக் கொடுக்கிற கம்பெனியே இல்லை என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டாள் மரகதம். வீட்டுக்காரர் பாலிசியில் சேர்த்துவிடவா, தனியாகவா என்று கேட்டாள். கிட்டுசாமி வாயெடுப்பதற்குள் நாகரத்தினம் சொன்னாள்: "என்ற பேர்ல தனியாப் போடுங்க. நான் கையெழுத்துப் போடாம யாரும் நிறுத்த முடியாத மாதிரி." காகிதம் அங்கேயே கம்ப்யூட்டரில் போய்விட்டது. அரசு அதைப் பார்த்து லைசென்சைத் திருப்பித் தர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் கிட்டுசாமி தன் காலண்டரில் இரண்டரை முதல் மூன்றரை வரை மறித்து வைத்துவிட்டு வேன் ஓட்டினார். பக்கத்தில் அவள், பின்னால் மூன்று பிள்ளைகள். சாயந்திரம், பிள்ளைகளை அதட்டி அதட்டி அவருக்குத் தொண்டை கட்டியிருக்கும். இத்தனை நாள் இதையா செய்தாய் என்று அவளிடம் கேட்டதாக வெண்பா சொன்னாள். நான் கேட்டுத்தான் சொன்னாள்.

மார்ச்சில் இரண்டு வருடம் முடிந்தது. அரசு அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தனிப் பாலிசியை அவள் நிறுத்தவும் இல்லை. அடுத்த கோடையில் கிட்டுசாமி மட்டும் ஊருக்குப் போய்வந்தார். வந்த கையோடு ஹூஸ்டனில் வேலை கிடைத்து அங்கே போனார்; ஹில்கிராஃப்ட் பக்கம் ஓர் அறை எடுத்து இருக்கிறார், வெள்ளிக்கிழமை தோறும் வருகிறார். பிரிந்துவிட்டார்கள் என்று பேசினவர்கள் உண்டு. நானும் ஒரு மாதம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் மகள் ஷ்ரேயாவுக்கும் அச்சுதனுக்கும் கல்யாணமானபோது இருவரும் சேர்ந்தே வந்து, சேர்ந்தே பந்தி பரிமாறினார்கள். பிக்கப் அக்காவிடம் இப்போது இரண்டு வேன், பதினோரு பிள்ளைகள். அவளுக்குக் கீழே இன்னொரு பெண் ஓட்டுகிறாள், அந்தப் பெண்ணின் காகிதங்களை நாகரத்தினம் மாதம் ஒருமுறை வாங்கிப் பார்க்கிறாள் என்று கேள்வி.

விஷாகா குடும்பம் குபெர்டினோவுக்குப் போய்விட்டது. வீட்டை ஒரு தெலுங்குக் குடும்பம் வாங்கியது. அவர்களுடைய இரண்டு பெண்களும் முதல் நாளிலிருந்தே நாகரத்தினத்தின் வேனில்தான் வருகிறார்கள். யார் சொல்லி வந்தீர்கள் என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். வீட்டுச் சாவியோடு விஷாகா கொடுத்த சீட்டில் தண்ணீர்க் குழாய் எங்கே, குப்பை எந்தக் கிழமை என்பதற்கெல்லாம் மேலே, முதல் வரியாக, நாகரத்தினத்தின் நம்பர் இருந்ததாம். போவதற்கு முன்னால் விஷாகா நாகரத்தினத்திடம் நேரில் ஏதாவது பேசினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் தெரிந்துகொள்ள முயலாமலும் இல்லை.